புத்தளக் கரையில் உலக அரசியல்: தொழில் நடத்துவோர் கவனிக்க வேண்டிய வழிகள்

வென்னப்புவவிலிருந்து கற்பிட்டி முனை வரை நீளும் புத்தளம் மாவட்டக் கரையில் தொழில் நடத்துபவர்கள் பல வகை. இறால் பண்ணைக்காரர், பல்நாள் படகின் சொந்தக்காரர், உப்பள முதலாளி, தென்னந்தோட்டக்காரர், தும்பு ஆலை வைத்திருப்பவர், மணல் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் போடுபவர், பட்டம் பிடித்து அலைமேல் சறுக்க வரும் வெளிநாட்டாருக்குக் கற்பிட்டியில் குடில் கட்டி விடுபவர். இவர்களில் யாரும் தம்மை உலக அரசியலோடு தொடர்புபட்டவராக நினைப்பதில்லை. ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளில் இவர்களுடைய கணக்கேட்டை ஆழமாகக் கீறிய முடிவுகள் பிரசல்ஸ், வாஷிங்டன், மொஸ்கோ, பெய்ஜிங், புதுடில்லி, கொழும்பு ஆகிய நகரங்களில் எடுக்கப்பட்டவை.

நாடுகளுக்கிடையிலான போர், போட்டி, தடை, தீர்வை, உடன்படிக்கை, நாட்டுக்குள்ளே எழும் ஆட்சி நெருக்கடியும் கலவரமும் ஒரு தொழிலின் வருமானத்தையும் செலவையும் சொத்தையும் சந்தையையும் தாக்கும் வாய்ப்பையே பூகோள அரசியல் இடர் என்று இங்கே கொள்கிறேன். பெரிய நிறுவனங்களுக்கு இதைக் கணித்துச் சொல்ல ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. ஷெல் எண்ணெய் நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் பியர் வாக் தலைமையில் ஒரு முறையைக் கையாண்டது. என்ன நடக்கும் என்று ஆரூடம் சொல்வதை விட்டுவிட்டு, இப்படி நடந்தால் நாம் எப்படி நிற்போம் என்று பல நிலைமைகளை எழுதிப் பார்த்தார்கள். 1973 எண்ணெய் நெருக்கடி வந்தபோது அந்தப் பயிற்சி கைகொடுத்தது. சிலாபத்திலோ முந்தலிலோ ஒருவர் அத்தகைய பிரிவு ஒன்றை வைத்திருக்க முடியாது. அவர் என்ன செய்யலாம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அண்மைக் கால அதிர்ச்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் மூன்று உண்மைகள் தெரிகின்றன. அவை சில குறிப்பிட்ட வழிகளால் மட்டுமே வந்தன. பெரும்பாலானவை மாதங்களுக்கோ ஆண்டுகளுக்கோ முன்பே பகிரங்க ஆவணங்களில் அறிவிக்கப்பட்டிருந்தன. வெளியிலிருந்து வந்த அடியைப் பலமுறை பெரிதாக்கியது கொழும்பின் சொந்த முடிவு. முன்னறிவிப்பு இருந்தும் கரைக்கு அது வந்து சேரவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் இங்குள்ள தொழில் தலைமைகளின் முதல் வேலை என்பது என் முடிவு.

பழைய கரை, பழைய பாடம்

இந்தக் கரை உலகத்துக்குப் புதியதல்ல. 1344இல் இங்கே இறங்கிய பயணி இப்னு பதூதா, கரையில் கிடந்த கறுவா மரங்களையும் அவற்றை ஏற்றிச் செல்ல வந்த மலபார், சோழமண்டல வணிகர்களையும் பற்றி எழுதினார். ஒல்லாந்தர் 1667இல் கற்பிட்டியில் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். புத்தளம் களப்பின் வாயைக் காவல் செய்தால் கண்டி இராச்சியத்தின் வெளிவணிகத்தைக் கட்டுப்படுத்தலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1766 உடன்படிக்கையோடு தீவின் கரை முழுவதும் ஒல்லாந்துக் கும்பனியின் கைக்குப் போனது. மலைநாட்டு மன்னன் உப்புக்கும் கருவாட்டுக்கும் அவர்களின் தயவை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. தன் நாட்டுக்குத் தேவையான ஒரு பொருள் ஒரே வழியால் வந்து, அந்த வழியின் சாவி இன்னொருவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் புத்தளத்து உப்பைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

நம் காலத்திலும் அந்தப் பாடம் வேறு உருவில் வந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் புத்தளத்திலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் தஞ்சம் புகுந்தார்கள். ஒரு போர் அதன் எல்லைக்கு வெளியே இருந்த மாவட்டத்தின் தண்ணீர், நிலவாடகை, கூலி, கடைத்தெரு அத்தனையையும் மாற்றியது. அந்த மக்கள் பின்னர் தோட்டங்களிலும் வாடிகளிலும் வணிகத்திலும் இந்த மாவட்டத்தின் உழைப்பில் ஒரு பங்காகினர். சுமையாக வந்ததாக அன்று பேசப்பட்டவர்களே இன்று இங்குள்ள தொழில்களின் தோள்களில் ஒன்று.

முதல் வழி: எரிபொருளும் மின்சாரமும்

நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையம் இந்தக் கரையின் மிகப் பெரிய தொழிற்கூடம். சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனில் சீன நிறுவனம் கட்டியது. முதல் பிரிவு 2011இல் இயங்கத் தொடங்கியது. மூன்று பிரிவுகளும் சேர்ந்து 900 மெகாவாட். 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் இலங்கை வந்தபோது முழு நிலையமும் கையளிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் நாட்டின் மின்சாரத்தில் மூன்றிலொரு பங்கை இந்த ஒரு நிலையமே தந்திருக்கிறது.

இதற்கு ஆண்டுக்கு இருபது இலட்சம் டன்னுக்கு மேல் நிலக்கரி வேண்டும். அது தென்னாபிரிக்கா, ரஷ்யா, இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. கப்பல்கள் கரைக்கு அப்பால் கடலில் நங்கூரமிட, சிறு பாரப்படகுகளில் நிலக்கரி கரைக்கு வருகிறது. சோழகக் காற்று வீசும் மாதங்களில் இந்தக் கடலில் இறக்கவே முடியாது. ஆகவே ஒரு வருடத்துக்கான நிலக்கரியை ஏறக்குறைய செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரைக்குள் வாங்கி, இறக்கி, குவித்துவிட வேண்டும். அந்த மாதங்களில் உலகில் எது நடந்தாலும் அதன் விலையை இங்கே கொடுத்தாக வேண்டும். காத்திருந்து மலிவாக வாங்குவதற்குப் பருவம் இடம் தராது.

2022இல் நடந்தது அதுதான். பெப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படை அனுப்பியது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய நிலக்கரிக்குத் தடை அறிவித்து ஓகஸ்ட் முதல் நடைமுறைப்படுத்தியது. ஐரோப்பாவின் மின்நிலையங்கள் தென்னாபிரிக்க நிலக்கரியைத் தேடிப் போயின. உலகச் சந்தையின் அளவுகோலான நியூகாசில் நிலக்கரியின் விலை அந்த ஆண்டில் டன்னுக்கு 400 டொலரைத் தாண்டியது. டொலரே இல்லாத நிலையில் இலங்கை அதே சந்தையில் வரிசையில் நின்றது. மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. மின்கட்டணம் அதே ஆண்டு ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தது.

இறால் பண்ணைக்கு இது எப்படி வந்து சேர்ந்தது என்று பாருங்கள். குளத்து நீருக்குக் காற்றூட்டும் துடுப்புச் சக்கரங்கள் இரவில் நின்றால் ஒட்சிசன் விழுகிறது. சில மணி நேரத்தில் ஒரு பருவத்தின் முதலீடு முழுதும் குளத்தில் மிதக்கும். மின்பிறப்பாக்கி வைத்திருந்தவருக்கு டீசல் இல்லை. ஐஸ் ஆலை நின்றது. மண்ணெண்ணெய் விலை 2022 ஓகஸ்டில் ஒரே நாளில் லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தபோது வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் பல கரையிலேயே கிடந்தன. நாட்டின் மின்சாரத்தில் பெரும் பங்கை உற்பத்தி செய்யும் மாவட்டமே இருட்டில் இருந்தது. மின்நிலையம் அருகில் இருப்பது எந்தப் பாதுகாப்பையும் தருவதில்லை என்பதை அந்த மாதங்கள் காட்டின.

இரண்டாம் வழி: சந்தைக்குள் நுழையும் அனுமதி

பொருள் நன்றாக இருந்தும் வாங்குபவர் தயாராக இருந்தும் அவருடைய அரசாங்கம் கதவைச் சாத்தலாம். 2012 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம், சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தத் தவறியதாக எட்டு நாடுகளுக்கு மஞ்சள் அட்டை எச்சரிக்கை விடுத்தது. அவற்றில் ஒன்று இலங்கை. நம் பல்நாள் படகுகள் சர்வதேசக் கடலில் எங்கே மீன் பிடிக்கின்றன என்பதைக் கண்காணிக்கும் முறை போதாது என்பது குற்றச்சாட்டு. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருந்தது. 2014 ஒக்டோபரில் தடை அறிவிக்கப்பட்டது. 2015 ஜனவரியில் அமுலுக்கு வந்தது. படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பூட்டி, சட்டத்தைத் திருத்திய பிறகு 2016 ஜூனில்தான் நீங்கியது. சிலாபம், வென்னப்புவ, நீர்கொழும்பு கரைகளில் சூரை பிடித்தவர்கள் அந்தத் தடையின் விலையைக் கொடுத்தார்கள். விதியை மீறாத படகும் மீறிய படகும் ஒன்றாகவே தண்டிக்கப்பட்டன. தனி முதலாளி எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் தன் துறையின் ஒழுங்கின்மை அவரையும் சுடும்.

ஐரோப்பிய ஒன்றியம் தரும் ஜி.எஸ்.பி. பிளஸ் தீர்வைச் சலுகையின் கதை இன்னும் நுட்பமானது. மனித உரிமை உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்துவது பற்றி ஐரோப்பிய ஆணையம் 2008 ஒக்டோபரில் விசாரணை தொடங்கியது. 2010 ஓகஸ்டில் சலுகை நிறுத்தப்பட்டது. 2017 மே மாதத்தில் திரும்பக் கிடைத்தது. 2021 ஜூனில் ஐரோப்பியப் பாராளுமன்றம், 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, சலுகையை மீளாய்வு செய்யுமாறு தீர்மானம் நிறைவேற்றியது. புத்தளத்து மதரஸா ஒன்றோடு தொடர்புபடுத்தப்பட்டு 2020இல் கைதான வழக்கறிஞர் ஒருவரின் பெயர் அந்தத் தீர்மானத்திலேயே இடம்பெற்றது. ஒருவரை விசாரணையின்றித் தடுத்து வைப்பது முதலில் ஒரு மனிதருக்கும் அவருடைய குடும்பத்துக்கும் இழைக்கப்படும் அநீதி. அதே செயல் ஐரோப்பாவுக்குப் போகும் மீனின் தீர்வையையும் தொடுகிறது. சட்டத்தின் ஆட்சி பற்றிப் பேசுவது அரசியல்வாதிகளின் வேலை என்று வணிகச் சங்கங்கள் ஒதுங்கி நிற்பது இனிப் பொருந்தாது.

நீல நண்டு இன்னொரு எடுத்துக்காட்டு. புத்தளம் களப்பிலும் கற்பிட்டிக் கடலிலும் வலையில் விழும் நீல நண்டின் சதைக்கு அமெரிக்கா முக்கிய சந்தை. மீன்பிடியில் திமிங்கிலம், ஓங்கில், ஆவுளியா போன்ற கடல் பாலூட்டிகள் சிக்கிச் சாவதைக் குறைக்காத நாடுகளிடமிருந்து கடலுணவு வாங்குவதில்லை என்ற அமெரிக்க விதி 2016இல் வெளியானது. பலமுறை தள்ளிப்போய் 2026இன் தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய பத்து ஆண்டு முன்னறிவிப்பு. ஓங்கில் கூட்டங்களைக் காட்டி உல்லாசப் பயணிகளை அழைக்கும் கற்பிட்டிக்கு அவற்றைக் காப்பது இரட்டை நலன். ஆனால் எந்த வலையில் எத்தனை விலங்கு சிக்குகிறது என்ற பதிவேடு இல்லாமல் அந்த நலனை எந்த அதிகாரிக்கும் நிரூபிக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் இவ்வளவு அவகாசம் கிடைப்பதில்லை. 2025 ஏப்ரல் 2ஆம் திகதி அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதத் தீர்வை அறிவித்தது. ஜூலையில் அது 30 சதவீதம் என்றது. ஓகஸ்டில் 20 சதவீதமாக நடைமுறைப்படுத்தியது. தெங்குப் பொருட்களையும் கடலுணவையும் அனுப்புபவர் நான்கு மாதத்துக்குள் மூன்று விலைகள் எழுத வேண்டியதாயிற்று. அதே ஓகஸ்டில் இந்தியாவுக்கு 50 சதவீதம் விதிக்கப்பட்டது. இந்திய இறாலைவிட நம் இறாலுக்கு அமெரிக்காவில் சலுகை கிடைத்தது போலத் தோன்றியது. ஆனால் அமெரிக்காவில் விற்க முடியாத ஆந்திரத்து இறால் மற்றச் சந்தைகளைத் தேடிப் போகும். அங்கே நமக்குப் போட்டி கூடும். ஒரு நாட்டின் தீர்வையைக் கணக்கிடும்போது போட்டியாளரின் தீர்வையையும், அவர் திரும்பிப் போகக்கூடிய சந்தையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மூன்றாம் வழி: டொலரும் கொழும்பின் முடிவுகளும்

இலங்கையின் அந்நியச் செலாவணி இருப்பு 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலர். 2022 மார்ச்சில் இரண்டு பில்லியனுக்கும் கீழே இருந்தது. அதில் கையில் எடுத்துச் செலவிடக்கூடியது மிகச் சொற்பம். 2020 செப்டெம்பரிலும் நவம்பரிலுமே சர்வதேசத் தர நிர்ணய நிறுவனங்கள் நாட்டின் கடன் தரத்தைக் கீழிறக்கியிருந்தன. டொலரை 203 ரூபாயளவில் கட்டிவைத்திருந்த மத்திய வங்கி 2022 மார்ச்சில் கட்டை அவிழ்த்தது. மே மாதத்தில் 360 ரூபாய். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவது நிறுத்தப்பட்டது. வங்கிக்குப் போன இறக்குமதியாளருக்கு நாணயக் கடிதம் திறக்க முடியவில்லை. ஒரே இரவில் வந்த விபத்துப் போல அது பேசப்படுகிறது. ஆனால் இருப்புப் புள்ளிவிவரம் மாதந்தோறும் மத்திய வங்கியின் வெளியீட்டிலேயே இருந்தது.

இந்தக் கரையின் இன்னொரு டொலர் ஊற்று, வெளிநாட்டில் உழைப்பவர்கள். வென்னப்புவ, மாரவில பகுதிகளிலிருந்து இத்தாலிக்குப் போனவர்கள் கட்டிய வீடுகள் பாதையின் இருபுறமும் நிற்கின்றன. புத்தளம், கற்பிட்டிப் பக்கத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் ஏராளம். நாட்டுக்கு வந்த பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2021இல் 5.5, 2022இல் 3.8. மக்கள் அனுப்புவதை நிறுத்திவிடவில்லை. வங்கி தரும் விலைக்கும் வங்கிக்கு வெளியே உண்டியல் தரும் விலைக்கும் இடைவெளி அகன்றதால் பணம் வழி மாறியது. மாற்றுவீதம் சீரானதும் 2023இல் ஏறக்குறைய ஆறு பில்லியனை எட்டியது. இத்தாலியில் வேலையிழப்போ குடியேற்றச் சட்டமோ வந்தால் வென்னப்புவவின் கட்டடப் பொருள் கடைக்காரர் அதைத் தன் தொழிலின் செய்தியாகவே படிக்க வேண்டும்.

உர விவகாரம் கொழும்பின் பங்கை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. டொலரைச் சேமிக்கும் நோக்கமும் அதன் பின்னால் இருந்ததாகப் பலரும் கருதினார்கள். சேதனப் பசளை ஏற்றி வந்த ஹிப்போ ஸ்பிரிட் என்ற சீனக் கப்பல் நோய்க்கிருமிக் காரணத்தால் மறுக்கப்பட்டது. மக்கள் வங்கி பணம் செலுத்தாததால் சீனத் தூதரகம் அவ்வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. இறுதியில் ஏற்காத உரத்துக்கு இலங்கை 67 இலட்சம் டொலருக்குக் குறையாமல் செலுத்தியது. நவம்பரில் தடை நீங்கியபோது உலகில் உர விலை ஏறியிருந்தது. மறு ஆண்டு ரஷ்யா, பெலருஸ் மீதான தடைகள் பொட்டாசு உரத்தை மேலும் நெருக்கின.

கற்பிட்டியின் மணல் நிலத்தில் உரமின்றி மிளகாயும் வெங்காயமும் விளைவது கடினம். அங்கே அடி உடனே தெரிந்தது. தென்னையில் அது மெதுவாகத் தெரியும். பாளை கருக்கொள்வதிலிருந்து முற்றிய தேங்காய் பறிப்பது வரை மூன்று ஆண்டுகளுக்கு மேலாகிறது. லுணுவில தெங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கும் இதே மாவட்டத்தில், 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது வறட்சியோடு அந்த உரக்குறைவும் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. தும்பு ஆலையும் தேங்காய்த் துருவல் ஆலையும் மட்டைக்கும் காய்க்கும் அலைந்தன. ஓர் அரசியல் முடிவின் விலை நான்கு ஆண்டு கழித்தும் வசூலாகும். அப்போது அதை எடுத்த அரசாங்கம் இருக்காது.

இறக்குமதிக் கட்டுப்பாடுகளுக்கு இன்னொரு பக்கவிளைவும் உண்டு. மஞ்சள் இறக்குமதி தடுக்கப்பட்ட பிறகு தமிழ்நாட்டுக் கரையிலிருந்து கடத்தி வரப்பட்ட மஞ்சள் கற்பிட்டிக் கடலில் அடிக்கடி பிடிபட்டது. கடத்தலைத் தேடும் கடற்படையின் சோதனை நேர்மையாகத் தொழில் செய்யும் படகுக்காரரின் நேரத்தையும் தின்றது. விலை இடைவெளி ஒன்று திறக்கும்போதே கரைத் தொழில்கள் அதன் விளைவை எதிர்பார்த்துக் கொள்ள வேண்டும்.

நான்காம் வழி: கப்பல் பாதை

2001 ஜூலை 24ஆம் திகதி கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டதும் லண்டன் காப்புறுதிச் சந்தை இலங்கைக்கு வரும் கப்பல்களுக்குப் போர் இடர் மேல்கட்டணம் விதித்தது. சில கப்பல்கள் கொழும்பைத் தவிர்த்தன. அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் சுருங்கியது. குண்டு விழாத இடத்தில் நிற்கும் சரக்கும் அதற்கான விலையைக் கொடுத்தது. 2023 நவம்பரிலிருந்து யேமனின் ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கியபோது ஐரோப்பா செல்லும் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போயின. பயணம் பத்து நாள், இரண்டு வாரம் என நீண்டது. கொழும்புத் துறைமுகத்துக்குக் கூடுதல் கப்பல்கள் வந்தன. ஆனால் ஐரோப்பாவுக்கு உறைந்த இறாலும் தேங்காய்த் துருவலும் அனுப்புபவருக்குக் கூலியும் தாமதமும் மிஞ்சின. ஒரே நிகழ்வு துறைமுகத்துக்கு இலாபமும் ஏற்றுமதியாளருக்கு நட்டமுமாக முடியும். நாடு நன்மையடைகிறது என்ற செய்தியைத் தன் தொழிலுக்கும் நன்மை என்று படித்துவிடக் கூடாது.

ஐந்தாம் வழி: வீட்டுக்குள் எரியும் தீ

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்கு மூன்று மாதம் முன்பே, ஜனவரியில், வண்ணாத்திவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் வெடிபொருட்கள் கண்டெடுக்கப்பட்டன. அந்த முன்னறிவிப்பு உரிய இடத்தில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. தாக்குதலுக்குப் பிறகு கற்பிட்டியில் மே மாதம் தொடங்கவிருந்த காற்றுப் பருவத்தின் முன்பதிவுகள் சரிந்தன. மே 12ஆம் திகதி சிலாபத்தில் ஒரு பேஸ்புக் பதிவால் எழுந்த பதற்றம் மறுநாள் வடமேல் மாகாணத்தின் பல இடங்களில் முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கும் வன்முறையானது. கொட்டாரமுல்லையில் ஒரு மனிதர் கொல்லப்பட்டார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், கத்தோலிக்கர், இந்துக்கள் என்று எல்லோரும் ஒரே சந்தையில் வாங்கி விற்கும் மாவட்டம் இது. முன்னேஸ்வரத் திருவிழாவுக்கும் தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கும் எல்லாச் சமூகத்தவரும் கடை போடுகிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பது அறச்செயல். தொழில் நிலைக்கவும் அதுவே அடித்தளம். வதந்தி கிளம்பிய முதல் சில மணி நேரத்தில் வணிகச் சங்கத் தலைவர்கள் மதத் தலைவர்களோடு சேர்ந்து பகிரங்கமாகப் பேச முன்கூட்டியே ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும்.

வல்லரசுகளின் நிழல்

1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவில் இந்திய இலங்கைக் கடல் எல்லை வரையப்பட்டது. அந்தக் கோட்டின் மறுபுறம் தூத்துக்குடியும் கூடங்குளம் அணுமின் நிலையமும். இப்புறம் சீனர் கட்டிய நுரைச்சோலை. இங்கே நிலத்தில் வரும் பெரிய முதலீடு எதையும் டில்லியும் பெய்ஜிங்கும் பாதுகாப்புக் கண்ணாலும் பார்க்கும். 2021 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தின் மூன்று தீவுகளில் மின்திட்டம் அமைக்க வந்த சீன நிறுவனம், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை காரணமாக நிறுத்துவதாக அறிவித்தது. பிறகு அது இந்திய உதவிக்கு மாறியது. 2025 பெப்ரவரியில் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைத் திட்டத்திலிருந்து இந்தியாவின் அதானி குழுமம் விலகியது. ஆட்சி மாற்றத்துக்குப் பின் மின்விலை பற்றி எழுந்த கேள்வியும், சூழல், நில வழக்குகளும் அதற்குப் பின்னணி.

உரிமை கைமாறுவதும் இதன் ஒரு பகுதியே. புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலை அரசிடமிருந்து தனியாருக்குப் போய், சுவிட்சர்லாந்தின் ஹோல்சிம் வசமாகி, 2016இல் தாய்லாந்தின் சியாம் சிட்டி சிமெந்து நிறுவனத்தின் கைக்குச் சென்றது. இத்தகைய நிறுவனங்களுக்கு லொறி விடுபவரும் உதிரிப்பாகம் தருபவரும் ஆள் அனுப்புபவரும் உள்ளூர்க்காரரே. தாய்நிறுவனத்தின் நாடு எது, அந்த நாட்டோடு கொழும்பின் உறவு எப்படி இருக்கிறது, திட்டம் நின்றால் தனக்கு வரவேண்டிய பணம் எத்தனை நாளில் வரும் என்ற கேள்விகளை அவர்கள் ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்க வேண்டும்.

செய்யக்கூடியவை

முதலாவது, ஒரே தாளில் வழிகளின் பட்டியல். எரிபொருள், அனுமதி, டொலர், கப்பல், உள்ளூர் அமைதி என்ற ஐந்தின் கீழும் தன் தொழில் எந்தப் பொருளை, எந்த நாட்டை, எந்த அலுவலகத்தின் கையொப்பத்தை நம்பி நிற்கிறது என்று எழுத வேண்டும். ஒரே பெயர் மூன்று இடத்தில் வந்தால் அங்கேதான் பலவீனம்.

இரண்டாவது, தாங்கும் நாட்களின் கணக்கு. மின்சாரம் இல்லாமல் எத்தனை மணி நேரம், டீசல் இல்லாமல் எத்தனை நாள், வாங்குபவரின் பணம் வராமல் எத்தனை வாரம், ஐரோப்பியச் சந்தை இல்லாமல் எத்தனை பருவம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். உலகம் எங்கே போகும் என்று அறியாதவரும் இந்த எண்களைச் சொல்ல முடியும். ஆனால் இருப்பு வைக்கப் பணம் வேண்டும். 2022இல் மத்திய வங்கியின் கடன்கொடுப்பு வட்டி 15.5 சதவீதமாக இருந்தது. வங்கிகள் அதற்கு மேலே கேட்டன. அந்த நிலையில் மூன்று மாதத் தீவனத்தை வாங்கிக் குவிக்கும்படி சிறு பண்ணைக்காரரிடம் சொல்வது அவரை இன்னொரு இடருக்குள் தள்ளுவதாகும். அதனால் எல்லாவற்றிலும் இருப்பு வைக்க முயலாமல், நின்றால் தொழிலே செத்துவிடும் ஒன்றிரண்டில் மட்டும் வைக்க வேண்டும்.

மூன்றாவது, ஒப்பந்தமும் காப்புறுதியும். தீர்வை மாறினால் கூடுதல் செலவை யார் ஏற்பது, கப்பல் சுற்றிப் போனால் தாமதத்துக்கு யார் பொறுப்பு, விலை எந்த நாணயத்தில் என்று எழுத்தில் இருக்க வேண்டும். வாங்குபவர் பணம் தராமற்போவதற்கும் அவர் நாட்டின் அரசியல் காரணத்தால் பணம் தடைப்படுவதற்கும் காப்புறுதி தர, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இலங்கை ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் இருக்கிறது. சிறு ஏற்றுமதியாளர்கள் அதன் கதவைத் தட்ட வேண்டும்.

நான்காவது, கூட்டுக் கண்காணிப்பு. இதுதான் மையம். 1996இல் வெண்புள்ளி நோய் இந்த மாவட்டத்து இறால் பண்ணைகளை அழித்தபோது, ஒருவர் குளத்து நீர் ஒல்லாந்தக் கால்வாய் வழியாக அடுத்தவர் குளத்துக்குப் போகிறது என்ற உண்மையை எல்லோரும் ஏற்க வேண்டியதாயிற்று. பின்னர் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையும் பண்ணையாளர் சங்கங்களும் சேர்ந்து பயிர் நாட்காட்டியை வகுத்தன. எந்த வலயம் எந்த மாதத்தில் குஞ்சு விடலாம், எப்போது குளத்தைக் காயப்போட வேண்டும் என்று திட்டமிட்டார்கள். நோய் முற்றாக ஒழியவில்லை. ஆனால் தனியாகச் செய்ய முடியாத ஒன்றை இந்தக் கரை சேர்ந்து செய்து காட்டியது.

உலக அரசியலுக்கும் அத்தகைய நாட்காட்டி ஒன்று வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சலுகைத் திட்டம் 2027ஐ ஒட்டிப் புதுப்பிக்கப்படும் கட்டம், அமெரிக்கக் கடலுணவு விதிகளின் கெடுக்கள், நிலக்கரி இறக்கும் பருவம், சர்வதேச நாணய நிதியத்தின் கடன் திட்ட மீளாய்வுகள், மத்திய வங்கியின் மாதாந்த இருப்புக் கணக்கு, நமக்கும் போட்டியாளருக்கும் விதிக்கப்படும் தீர்வைகள் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். மீனவர் சங்கம், இறால் பண்ணையாளர் சங்கம், தெங்கு உற்பத்தியாளர், விவசாயிகள், விடுதி நடத்துபவர்கள் சேர்ந்து ஆங்கில ஆவணங்களைப் படித்து விளக்கக்கூடிய ஓரிருவரை அமர்த்தினாலே போதும். மாதம் ஒரு தாள், தமிழிலும் சிங்களத்திலும். ஒவ்வொரு செய்தியின் கீழும் இது எந்தத் தொழிலுக்கு, எப்போது, எந்த வழியால் வரும் என்று இரண்டு வரி. இதற்கான செலவு ஒரு நல்ல பல்நாள் படகின் விலையோடு ஒப்பிட மிகச் சிறியது.

கணிக்க முடியாதவை எப்போதும் இருக்கும். 2025 ஏப்ரலின் தீர்வை எண்ணை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் மஞ்சள் அட்டை இரண்டு ஆண்டு காத்திருந்தது. ஜி.எஸ்.பி. விசாரணையும் ஏறக்குறைய அவ்வளவு காலம் நடந்தது. செலாவணி இருப்பு ஈராண்டாக எல்லோர் கண்முன்னும் கரைந்தது. நண்டு விதி பத்தாண்டு கிடந்தது. இவற்றில் எதற்கும் உளவுத் தகவல் தேவைப்படவில்லை. வாசித்து, மொழிபெயர்த்து, உரியவரிடம் கொடுக்க ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் போதும். சிலாபத்திலும் புத்தளத்திலும் உள்ள சங்கங்கள் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த ஒன்றைச் சேர்க்கட்டும். அதற்கு முன்வரும் தலைமையே இந்தக் கரைக்கு இன்று தேவையானது.